போர்த்தாமல் விட்ட இரண்டு பாய்

டீ தம்ளரைக் கையில் பிடித்தபடி ஒரு கிழிசலின் மேல் போய் உட்கார்ந்தார் அண்ணி. அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சாவி அந்த வேலையிடத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை அப்போது. சாவி என்பது மற்றவர்கள் வைத்த பேர். அவன் மண் அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். வண்டிச் சாவியை இரண்டு முறை தொலைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டான். அண்ணி அவனுடைய காலமாகிவிட்ட அண்ணனின் மனைவி. அந்த இடத்தில் அவனுக்கு முன்பே ஆறு வருஷம் வேலை பார்த்தவர். அவர் சொல்லித்தான் அவனுக்கே வேலை கிடைத்தது.

அன்றைக்கு அவன் வண்டியின் கையைத் திருப்பும்போது, அள்ளும் தொட்டியின் இரும்புப் பல் கீழே விரித்திருந்த பாயில் மாட்டிவிட்டது. 'சர்' என்று ஒரு முழம் கிழிசல். அதே நேரத்தில் சரிவில் மேற்பார்வையாளர் இறங்கி வந்துகொண்டிருந்தார். எதற்கெடுத்தாலும் ஊதுவதால் அவருக்கு விசில் என்று பேர். வண்டிக்குள் சாவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அண்ணி அவசரமே இல்லாமல் நடந்து வந்தார். கிழிசலின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து டீயை ஊதிக் குடிக்க ஆரம்பித்தார்.

"என்னம்மா, பாய் விரிச்சதும் படுக்கை போட்டாச்சா?" என்றார் விசில்.

"பாய் நல்லாத்தான் இருக்கு சார். தலையணைதான் இன்னும் வந்து சேரலை."

விசில் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சாவி வண்டியின் கையை அந்தப் பக்கம் விலக்கிவிட்டான். அது விலகியதைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்ட அண்ணி எழுந்தார்.

"சார், எனக்கு அடியில ஒரு முழம் கிழிஞ்சிருக்கு. ஒட்டுத் துணி வேணும், மண்பொடி வேணும், பாயைச் சோதிக்க வர்ற மேடத்தையும் கூப்பிட்டுக் காட்டணும்."

"யார் கிழிச்சது?"

"கிழிஞ்சிருக்கு சார். யாருங்கறதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல ஒட்டு."

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. அண்ணியும் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆளை மறைத்தார், ஓட்டையை மறைக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சாவிக்கு அன்று விளங்கவில்லை. அண்ணி தன்னைக் காப்பாற்றினார் என்பது மட்டும்தான் அவன் மனதில் பதிந்தது. பின்னால் வந்த வினைக்கு விதை அதுதான்.

அது ஒரு சுரங்கம். பூமியைத் தோண்டிக் கல்லை எடுத்து, இடித்து, மருந்துத் தண்ணீரில் அலசி, உலோகத்தைப் பிரிப்பார்கள். உலோகம் போன பிறகு புளித்த தண்ணீரும் சேறும் மிஞ்சும். அதைக் கண்ட இடத்தில் விட முடியாது. குளம் வெட்டித்தான் நிறுத்த வேண்டும். குளத்தின் அடியில் சொட்டுக்கூட இறங்கக் கூடாது. அதற்குத்தான் பாய்.

தொழிற்சாலையில் செய்து வருகிற மண்பாய் அது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் காய்ந்த களிமண் பொடி. மூன்றையும் ஊசியால் நெருக்கமாகக் குத்தி ஒன்றாக்கியிருப்பார்கள். பார்த்தால் தடித்த கம்பளம் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் களிமண் உப்பி, இடுக்கு இல்லாமல் இறுகிக்கொள்ளும். பிறகு அதைத் தாண்டித் தண்ணீர் போவது கல்லில் நார் உரிக்கிற கதைதான். ஒரு சுருள் ஒரு கார் கனம் இருக்கும். வண்டியின் கையில் இரும்புத் தண்டு மாட்டி அதில் சுருளைத் தொங்கவிட்டு, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து விரிக்க வேண்டும். ஒரு பாயின் ஓரம் அடுத்த பாயின் மேல் ஒரு சாண் ஏறியிருக்க வேண்டும். அந்த ஒரு சாணுக்குள்ளும் மண்பொடி தூவ வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விதி ஒன்று உண்டு. விரித்த பாயை அன்றைக்கே ஒரு முழம் மண் போட்டு மூடிவிட வேண்டும். அந்த மண்ணுக்குப் போர்வை என்று பேர். மேலே பாரம் இருக்கும்போது நனைந்தால் களிமண் அடங்கி உப்பும். பாரம் இல்லாமல் நனைந்தால் கட்டவிழ்த்த மாடு மாதிரி தன் இஷ்டத்துக்கு உப்பும். அதன் மேல் மண்ணைக் கொட்டி வண்டியை ஏற்றினால் நடுவில் இருக்கும் களி பிதுங்கி ஓரத்துக்குப் போய்விடும். மிஞ்சுவது வெறும் துணி. மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

அதனால் தினமும் காலையில் எத்தனை சுருள் பிரிக்கலாம் என்று முடிவு செய்ய ஒரு ஆள் வேண்டும். வானத்தைப் பார்த்து, குவித்திருக்கும் மண்ணைப் பார்த்து, இருக்கிற ஆட்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆள் அண்ணி. பொழுது சாயும்போது, "போர்த்தியாச்சா?" என்று கேட்டுக்கொண்டு குளத்தை ஒரு சுற்று சுற்றாமல் அவர் வீட்டுக்குக் கிளம்பியதே இல்லை. "பிள்ளையைப் போர்த்தாம யாராவது தூங்கப் போவாங்களா?" என்பார். அதனால் எல்லாரும் அவரைப் போர்வைக்காரம்மா என்றார்கள்.

அந்த இடத்துக்கு அவர் சும்மா வந்துவிடவில்லை. முதல் மூன்று வருஷம் கல் பொறுக்கியவர். பாய் விரிப்பதற்கு முன் தரையில் ஒரு கூர்மையான கல், ஒரு வேர்த்துண்டு, ஒரு ஆணிகூட இருக்கக் கூடாது. எல்லாரும் குனிந்து தேடுவார்கள். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடப்பார். "கண்ணு ஏமாந்துடும். காலு ஏமாறாது" என்பார். விசில் பாதுகாப்புக் காலணி போடச் சொல்லி எத்தனையோ தடவை ஊதிப் பார்த்தார். "போட்டுக்கறேன் சார், இந்த வரிசை முடியட்டும்" என்பதுதான் பதில். அந்த வரிசை மட்டும் முடிகிற வழியைக் காணோம்.

தினமும் முதல் சுருள் பிரியும் முன் தரையைத் தொட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் விசில் கேட்டார்.

"என்னம்மா மந்திரம் அது?"

"மந்திரம் இல்லை சார், விண்ணப்பம். நான் பார்க்காத கல்லை ஆண்டவன் பார்த்துக்கணும்னு."

"அப்போ நீங்க உட்கார்ந்துக்கலாமே?"

"பதில் வர்ற வரைக்கும் பொறுக்கிக்கிட்டு இருக்கேன் சார்."

இவ்வளவு பிடிவாதத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. கல்யாணமாகி அவர் முதலில் வாழப்போன வீட்டுக்கு மேலே ஒரு பழைய சுரங்கக் குளம் இருந்தது. அந்தக் காலத்தில் பாயும் இல்லை, ஒன்றும் இல்லை. குளம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால், துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஒரு ருசி. ஒரு வருஷத்தில் அந்தத் தெருவில் இருந்த அத்தனை கிணறும் அப்படியே ஆகிவிட்டது. துவைத்த துணி பழுப்பாயிற்று. செடி கருகிற்று. ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணியும் அண்ணனும் இரண்டு பெட்டியோடு கிளம்பினார்கள். "வீட்டை யாரும் பிடுங்கலை, தண்ணிதான் எங்களை வெளிய அனுப்பிச்சுது" என்று ஒரே ஒரு தடவை சாவியிடம் சொல்லியிருக்கிறார்.

இப்போது கட்டுகிற புதுக் குளத்துக்குக் கீழே எட்டுத் தெரு இருந்தது. அதில் மூன்றாவது தெருவில், கொல்லையில் கிணறு உள்ள வீட்டில் சாவியும் அவன் மனைவியும் இருந்தார்கள். பக்கத்து அறையில் அண்ணி. காலையில் முதல் வாளித் தண்ணீரை இறைத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்கும் இனிக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பல்கூடத் தேய்ப்பார்.

குளம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது அது நடந்தது.

சாவியின் மனைவிக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்ய நாள் குறித்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மறுநாள் சாவி பக்கத்தில் இருக்க வேண்டும். லீவு கேட்டால் விசில், "தெற்கு மூலை முடியட்டும், தாராளமா போ" என்றுவிட்டார். தெற்கு மூலையில் ஏழு பாய் பாக்கி. நாளுக்கு ஐந்துக்கு மேல் அண்ணி பிரிக்கவிடமாட்டார்.

சேர்க்க வேண்டிய நாள் காலையில் சாவி அண்ணியின் பின்னாலேயே சுற்றினான்.

"அண்ணி, இன்னைக்கு ஒரு நாள் ஏழு போடலாமே."

"வானத்தைப் பார்த்தியா?"

"துடைச்சு விட்ட மாதிரி இருக்கு."

"துடைக்கிறவன் மறுபடி எழுதவும் செய்வான், தம்பி."

"அவ பயந்த சுபாவம் அண்ணி. கண்ணைக் கட்டி வச்சிருக்கும்போது பக்கத்துல நான் இல்லேன்னா அழுதே புண்ணாக்கிடுவா."

அண்ணி வானத்தைப் பார்த்தார். மண் குவியலைப் பார்த்தார். அவன் முகத்தையும் பார்த்தார். அந்த மூன்றாவதைப் பார்த்திருக்கக் கூடாது.

"சரி, ஏழு" என்றார்.

ஓடி ஓடி வேலை நடந்தது. நாலு மணிக்கு ஏழும் விரித்தாயிற்று, ஐந்தைப் போர்த்தியாயிற்று. இரண்டுதான் பாக்கி. அப்போது வாசலில் இருந்து ஆள் வந்து, ஆஸ்பத்திரியில் ஐந்து மணிக்குள் சேர்க்கச் சொன்னார்கள், வீட்டில் அந்தப் பெண் தனியாகக் கிளம்பி நிற்கிறது என்று சொன்னான்.

"தம்பி, நான் அவளைக் கூட்டிட்டுப் போறேன். நீ இந்த ரெண்டையும் போர்த்திட்டு வந்து சேரு. முக்கால் மணி நேர வேலைதான்." அண்ணி இரண்டடி போய்த் திரும்பி நின்றார். "போர்த்தாம வராதே."

"நீங்க போங்க அண்ணி. நான் பார்த்துக்கறேன்."

சுருள் பிரிக்கச் சொல்லும் பொறுப்பு வந்த பிறகு முதல் தடவையாக அண்ணி குளத்தைச் சுற்றிப் பார்க்காமல் போனார்.

அவர் போய்ப் பத்து நிமிஷம் இருக்காது. மலைப்பக்கம் இருந்து கறுப்பாக ஒன்று எழும்பியது. சாவி முதல் தொட்டி மண்ணை அள்ளித் திரும்புவதற்குள் மழை அடித்து ஊற்றியது. தார்ப்பாயை எடுத்து ஓடினான். காற்று அதைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு போயிற்று. கால் மணி நேரம்தான். வந்த சுவடு தெரியாமல் மழை நின்றது. ஆறாவது பாயும் ஏழாவது பாயும் பளபளவென்று ஊறிக் கிடந்தன. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து, எழும்ப மாட்டேன் என்றது.

அவன் செய்ய வேண்டியது அவனுக்குத் தெரியும். விசிலைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். இரண்டையும் எடுத்துப் போட வேண்டும். எடுத்தால் ஏழு பிரிக்கச் சொன்னது யார் என்று கேட்பார்கள். போர்த்துவதற்கு முன் கிளம்பிப் போனது யார் என்று கேட்பார்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். தன்னைக் காப்பாற்றிய அண்ணியைத் தான் காப்பாற்ற வேண்டாமா என்று நினைத்தான். நாளைய லீவும் மனதின் ஒரு மூலையில் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுற்றுமுற்றும் பார்த்தான். மற்றவர்கள் மழைக்குக் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தார்கள். மண்ணை அள்ளி இரண்டு பாயையும் மூடினான். வண்டியை ஏற்றி மட்டம் செய்தான். சக்கரப் பட்டைக்கு அடியில் ஏதோ வழுக்கி விலகுவது அவன் உட்கார்ந்திருந்த இருக்கை வரைக்கும் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி எழுந்து வந்தார்.

"போர்த்தியாச்சா?"

"போர்த்தியாச்சு அண்ணி."

"இங்க மழை கொட்டுச்சே?"

"அங்க அதுக்கு முன்னாடியே முடிச்சுட்டேன்."

"நல்லவேளை. ஆண்டவன் இருக்கான்" என்று அண்ணி மேலே பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு சாவியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மனைவியின் கண் தெளிந்தது. "எல்லாம் பளிச்சுனு தெரியுது, உங்க முகம்தான் இருண்டு கிடக்கு" என்றாள் அவள். குளத்தில் தண்ணீர் விட நாள் நெருங்க நெருங்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் அண்ணி கிணற்றடியில், "இன்னைக்கும் இனிக்குது" என்று சொல்லும்போதெல்லாம் வீட்டுக்குள் போய்விடுவான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

திங்கட்கிழமை தண்ணீர் விடுவதாக இருந்தது. சனிக்கிழமை காலையில் அண்ணி கடைசியாக ஒரு தடவை குளம் முழுவதும் நடந்தார். வழக்கம்போலச் செருப்பு கையில். தெற்கு மூலையில் நின்றார். ஓரடி பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார். குதிகாலால் அழுத்தினார். பிறகு நேராக வண்டிக்கு வந்தார்.

"தம்பி, ஆறாவது பாய்க்கு மேல மண் அமுங்குது."

"புது மண்ணுதானே அண்ணி. அப்படித்தான் இருக்கும்."

"அஞ்சாவதும் அதே நாள் மண்ணுதான். அது அமுங்கலை."

அவன் கழுத்துக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தான். அண்ணி அந்தக் கயிற்றைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் விசிலைத் தேடிப் போனார்.

விசில் முதலில் சிரித்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

"ஏம்மா, படம் எடுத்தாச்சு. கையெழுத்து ஆயாச்சு. திங்கட்கிழமை பெரியவங்க எல்லாம் வர்றாங்க. உங்க காலை நம்பிக் குளத்தைத் தோண்டச் சொல்றீங்களா?"

"ஒரே ஒரு இடத்துல தோண்டிப் பார்க்கலாம் சார். நல்லா இருந்தா நானே மூடிடறேன்."

"வண்டி தர முடியாது. ஆளும் தர முடியாது."

"மண்வெட்டி?"

"அம்மா, போய்ச் சாப்பிடுங்க."

அண்ணி சாப்பிடப் போகவில்லை. சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் கொட்டகைக்குப் போனதும் ஒரு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தெற்கு மூலைக்கு நடந்தார். கொட்டகையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் ஒற்றை ஆளாகக் குனிந்து வெட்டினார். கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி, "அக்காவுக்குப் புதையல் கிடைச்சா நமக்கும் பங்கு உண்டா?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். சாவி மட்டும் தூக்குச் சட்டியைத் திறக்கவே இல்லை.

அரை முழம் போனதும் அண்ணி மண்வெட்டியைப் போட்டுவிட்டார். பாயில் இரும்பு படக் கூடாதே! மண்டியிட்டுக் கையால் வாரினார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மண்ணை அதில் அள்ளி அள்ளி வெளியே போட்டார். சிரித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாப்பாட்டை மூடி வைத்தார்கள். விசிலும் வந்துவிட்டார். பாய் வேலையைச் சோதிக்க வருகிற மேடமும் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

துணி தெரிந்தது. அண்ணி உள்ளங்கையை வைத்து அழுத்தினார். நடுவில் கை அப்படியே தரையில் போய் உட்கார்ந்தது. உள்ளே ஒன்றுமே இல்லாத பை மாதிரி இருந்தது. ஒரு சாண் தள்ளி ஓரத்தில் அழுத்தினார். துணி வழியாக வழவழவென்று களி பிதுங்கிற்று.

மேடம் மண்டியிட்டு அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு துண்டு வெட்டி எடுத்துக் கையில் எடை பார்த்தார். "இது போர்த்தறதுக்கு முன்னாடியே நனைஞ்ச பாய்" என்றார். அந்தப் பாயை மூடின நாளும் மழை பெய்த நாளும் ஒன்றுதான் என்று அவருடைய புத்தகத்தில் இருந்தது.

விசிலின் முகம் சிவந்தது. "யார் பார்த்த வேலை இது?"

அண்ணி எழுந்து நின்றார். முழங்கை வரைக்கும் சேறு.

"என் தப்பு சார். அஞ்சு பிரிக்க வேண்டிய நாள்ல ஏழு பிரிக்கச் சொன்னது நான். போர்த்தி முடியறதுக்குள்ள கிளம்பிப் போனதும் நான்."

"அது சரி. நனைஞ்சதை மூடினது யார்?"

"மூடியிருக்கு சார். யாருங்கறதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல எடுக்கணும்."

அந்த வார்த்தை சாவியின் காதில் விழுந்தது. முதல் மாதத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து கேட்ட அதே வார்த்தை. அன்றைக்கு அதில் பாதிதான் கேட்டிருக்கிறது என்று இப்போது தெரிந்தது. அண்ணி ஆளைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். ஓட்டையை மட்டும் நடுத்தெருவில் வைத்துக் காட்டிவிடுவார். அவனோ ஓட்டையை முந்தானைக்குள் வைத்தவன். ஊரே குடிக்கிற தண்ணீரின் தலைமேல் வைத்துவிட்டு, அதற்கு நன்றி என்று பேரும் வைத்திருந்தான்.

கொட்டகை ஓரத்திலிருந்து அவன் நடந்து வந்தான். கழுத்துக் கயிற்றைக் கழற்றினான்.

"நான்தான் சார். மழை விட்டதும் நான்தான் மூடினேன். அண்ணிக்குத் தெரியாது. கேட்டாங்க, பொய் சொன்னேன்." வண்டிச் சாவியை விசிலிடம் நீட்டினான்.

விசில் அந்தச் சாவியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். ஊதப் போகிறவர் மாதிரி விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. அண்ணிதான் பேசினார்.

"சார், அவனை அனுப்பறதுன்னா தோண்டி முடிச்சதுக்கப்புறம் அனுப்புங்க. எங்க மூடினான், எப்படி மூடினான்னு அவனுக்குத்தான் தெரியும். மூடினவனே திறக்கட்டும்."

மேடம் தலையாட்டினார். திங்கட்கிழமை வரவேண்டிய பெரியவர்களுக்குச் சேதி போயிற்று.

ஒன்பது நாள் ஆயிற்று. ஆறாவதையும் ஏழாவதையும் எடுத்தார்கள். ஐந்தாவதின் ஓரத்திலும் ஈரம் ஏறியிருந்தது. அதையும் காய்ந்த இடம் வரைக்கும் வெட்டினார்கள். பாய்க்கு மேல் இருந்த கடைசிச் சாண் மண்ணை வண்டியால் எடுக்க முடியாது. எல்லாரும் கையால் வாரினார்கள். விசிலும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். புதையல் என்று சிரித்த பெண்தான் முதல் ஆளாக அண்ணியின் பக்கத்தில் மண்டியிட்டாள். அடித்தரையைக் காயவிட்டு, சமம் செய்து, மறுபடி கல் பொறுக்கினார்கள். அண்ணி மறுபடி வெறுங்காலில் நடந்தார். நாளுக்கு ஒரே ஒரு பாய்தான் பிரிக்க விட்டார். மூன்று மணிக்கெல்லாம் போர்வை ஏறியிருக்கும்.

முதல் நாள் வேலை விட்டு வீட்டுக்கு நடக்கும்போது சாவிக்குத் தாங்கவில்லை.

"அண்ணி, ஏதாவது திட்டிடுங்க."

"திட்டினா உனக்கு ஆறிடும் தம்பி. ஆற வேண்டாம். கொஞ்ச நாள் எரியட்டும்."

இன்னும் பத்தடி போனதும் அவரே சொன்னார்: "எனக்கும்தான் எரியுது. உன் முகத்தைப் பார்த்து ஏழுன்னு சொன்னேன் பாரு."

வீட்டில் அவன் மனைவி விஷயம் கேட்டு அழுதாள். "என் கண்ணுக்காகவா எட்டுத் தெரு கிணத்துல மண்ணைப் போடப் பார்த்தீங்க?" என்றாள்.

குளத்தில் தண்ணீர் விட்டார்கள். கீழே பதித்திருந்த சோதனைக் குழாய்களில் மேடம் ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும் தண்ணீர் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. சாவியை வேலையை விட்டு அனுப்பவில்லை. வண்டியிலிருந்து இறக்கி ஆறு மாதம் கல் பொறுக்க விட்டார்கள். அண்ணியிடமிருந்து சுருள் பிரிக்கச் சொல்லும் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். போர்த்தாமல் போனவரிடம் அதை வைத்திருக்க முடியாது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. விசில்தான் வந்து சொன்னார். அண்ணி, "நியாயம்தானே சார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். ஆறு மாதம் அண்ணியும் கொழுந்தனும் ஒரே வரிசையில் கல் பொறுக்கினார்கள். அவன் காலணி போட்டிருந்தான். ஒரு வாரத்தில் அவனும் கழற்றிவிட்டான்.

அடுத்த வருஷம் தொலைவில் வேறொரு சுரங்கத்தில் குளம் வெட்டினார்கள். விசில் அங்கே போனார். போர்வைக்காரம்மா வந்தால்தான் வேலை எடுப்பேன் என்று அவர் மேலிடத்தில் பிடிவாதம் பிடித்ததாகக் கேள்வி. அங்கே மூன்று குளத்துக்கு எத்தனை சுருள் பிரிக்கலாம் என்று சொன்னவர் அண்ணிதான். நாலு பாய் என்றால் நாலு பாய், பக்கத்தில் எவன் முகத்தையும் பார்க்கமாட்டார் என்று சொன்னார்கள். மூன்றாவது குளம் முடிந்த வாரத்தில் காய்ச்சல் என்று படுத்தார். இரண்டாம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டார். சாவி போய்ச் சேர்வதற்குள் விசில்தான் பக்கத்தில் இருந்து எல்லாம் செய்து முடித்திருந்தார். அவ்வளவு நல்ல மனுஷியை ஆண்டவன் சிரமப்படுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டான் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு ஆறுதல்.

சாவி அவரைக் கடைசியாகப் பார்த்தது, அவர் அந்த ஊருக்குக் கிளம்பின காலையில்தான். பாய்ச் சுருள் ஏற்றிய லாரி தெரு முனையில் நின்றது. கிளம்பும் முன் அண்ணி கொல்லைக்குப் போய் ஒரு வாளி இறைத்து, ஒரு வாய் குடித்தார். "இனிக்குது" என்று அவன் மனைவியிடம் சொன்னார். லாரி வரைக்கும் பெட்டியைச் சாவி தூக்கிக்கொண்டு போனான். டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வண்டி நகர்ந்தது. அண்ணி ஜன்னலில் தலையை நீட்டினார்.

"தம்பி, தினம் காலையில முதல் வாய் நீயே குடி. என்னைக்காவது துரு ருசி வந்தா, யாரு என்னன்னு தேடிக்கிட்டு நிக்காதே. மறைக்கவும் மறைக்காதே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பு, மண்வெட்டியோட வந்துடறேன்."